இழுப்பறையில் பூட்டிய விடைகள்

மரியாதைக்குரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கை வீட்டுக்காரன் வணக்கத்துடன் எழுதுவது. உங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். குறையாவிட்டாலும், நான் இப்போது இருக்கிற நிலையில் பெரிதாக வருத்தப்பட மாட்டேன்.

எட்டு மாதத்துக்கு முன் எங்கள் வீட்டு நாற்காலியில் சாய்ந்துகொண்டு என்ன சொன்னீர்கள்? "டியூஷனெல்லாம் எதுக்கு மாப்பிள்ளை? முப்பது வருஷம் காலேஜ்ல பிசிக்ஸ் நடத்தினவன் சொல்றேன், பொண்ணு தானா படிக்கட்டும். என்கிட்ட பிசிக்ஸ் கணக்குப் புத்தகம் ரெண்டு பாகம் இருக்கு, நகல் எடுத்துக்கோங்க. பின்னாடி இருக்கிற விடையை மட்டும் அவ கண்ணுல காட்டாதீங்க, மூளை மழுங்கிடும்." பேராசிரியர் வாக்காயிற்றே! நானும் ஜெராக்ஸ் கடைக்காரன்தானே என்று, வாடகை ஒப்பந்தத்துக்கும் அடையாள அட்டைக்கும் வரிசையில் நின்றவர்களுக்கு நடுவே, ஒரே காலையில் இரண்டு பாகத்தையும் அடித்து ஸ்பைரல் போட்டேன். முதல் பாகத்தை அவளிடம் கொடுத்தேன். இரண்டாம் பாகம் பிறகு படிக்கலாம் என்று அலமாரியில் ஏறியது. ஸ்பைரல் போடுவதற்கு முன்பே முதல் பாகத்து விடைப் பக்கங்களை மட்டும் உருவி, மேஜை இழுப்பறையில் வைத்துப் பூட்டியிருந்தேன்.

தினமும் சாயங்காலம் மெஷினுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து கணக்குப் போடுவாள். நான் விடைத்தாளை மடியில் மறைத்துக்கொண்டு சிவப்புப் பேனாவால் திருத்துவேன். தப்பு, தப்பு, தப்பு. லிஃப்ட் மேலே போக எவ்வளவு நேரம் என்று கேள்வி. இவள் மூன்று நொடி என்கிறாள், விடைத்தாளில் இருபத்தேழு டிகிரி என்றிருக்கிறது. பிசிக்ஸ் ஆழமான சமாச்சாரம், நமக்கென்ன தெரியும் என்று அதற்கும் ஒரு தப்பு போட்டேன். "அப்பா, ஒரே ஒரு தடவை விடையைக் காட்டுங்கப்பா, எங்க தப்பு விட்டேன்னு பாத்துக்கிறேன்" என்று கெஞ்சினாள். "காட்டினா தானா படிச்சதா ஆகுமா?" என்றேன். உங்க வசனம்தான் மச்சான்!

நானூற்றுப் பன்னிரண்டு கணக்கில் சரியானது பதினொன்று. போன வாரம் பல்கலைக்கழக விண்ணப்பத்தில் பிசிக்ஸை அடித்துவிட்டு வணிகவியல் என்று எழுதியிருக்கிறாள். "எனக்கு அந்த மூளை இல்லப்பா. இன்னொருத்தர் சீட்டை நான் ஏன் அடைக்கணும்?" என்கிறாள். அழுதிருந்தால் நாலு திட்டாவது திட்டியிருப்பேன், அழவில்லை. ஸ்டூலை எடுத்து உள்ளே வைத்துவிட்டாள். ஆறு வயதிலிருந்து எதைப் பார்த்தாலும் ஏன், எப்படி என்று என் உயிரை வாங்கியவள், நான்கு நாளாக ஒன்றும் கேட்கவில்லை. நல்லா இருந்த பொண்ணைக் கெடுத்தது உங்க யோசனைதான்.

உங்கள் புத்தகங்களை, நான் எடுத்த நகலோடு சேர்த்து, பார்சலில் திருப்பி அனுப்புகிறேன். இனி எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வாருங்கள், யோசனை சொல்ல வராதீர்கள். அக்காவுக்கு என் வணக்கம். உங்கள் பேரப்பிள்ளைகள் தானாகப் படிக்காமல் நல்ல வாத்தியாரிடம் படித்து முன்னுக்கு வர என் ஆசிகள்.

இப்படிக்கு,
நொந்துபோன மாப்பிள்ளை

பி.கு.: பார்சல் கட்டுவதற்காகப் பக்கங்களைச் சரிபார்த்தேன். முதல் பாகத்து விடைகள் அலமாரியில், இரண்டாம் பாகத்து ஸ்பைரலின் கடைசியில் இருக்கின்றன. எட்டு மாதமாக நான் பூட்டிக் காத்தது இரண்டாம் பாகத்து விடை. இரண்டு விடைக் கட்டையும் மாற்றிப் போட்டது இந்தக் கைதான். உட்கார்ந்து மறுபடி திருத்தினேன். அவள் போட்டதில் தப்பு பதினான்குதான். அதில் பதினொன்று நான் சரி போட்டவை.

அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. ஆகவே உறையை ஒட்டாமல், தபாலில் போடச் சொல்லி அவள் கையிலேயே கொடுக்கிறேன். என் கடிதம் எதையும் அவள் படிக்காமல் போட்டதில்லை.

படிச்சிட்டியாம்மா? விண்ணப்பத்தைத் திருத்த நாளைக்குச் சாயங்காலம் அஞ்சு மணி வரைக்கும் நேரம் இருக்கு. மாமா மேல தப்பில்ல.