தகுதி பெறாத நெறிக்கட்டி

ஒருவர் கழுத்தில் நெறி கட்டியிருக்கிறதா இல்லையா என்பதை அவருடைய கழுத்து முடிவு செய்துவிட முடியாது. கழுத்துக்கு அந்த அதிகாரம் வழங்கப்படவில்லை. அதற்கென்று பெரிய ஆஸ்பத்திரியின் மாடியில் தனிப் பிரிவு ஒன்று இயங்கியது. பிரிவுக்கு ஓர் அதிகாரி, அதிகாரிக்கு ஒரு சுழல் நாற்காலி, நாற்காலிக்கு ஒரு வெள்ளைத் துண்டு.

அந்த நாற்காலிக்கு முன்னால்தான் வெண்கலமும் அவர் மனைவியும் நின்றார்கள். வெண்கலம் என்பது சந்தை வைத்த பெயர். காய்கறிச் சந்தையில் ஏலம் விடுபவர். அவர் 'ஒரு தரம்' என்றால் சந்தையின் அந்தக் கோடியில் மூட்டை தூக்குகிறவன் திரும்பிப் பார்ப்பான். இப்போது நாக்கின் ஓரத்தில் ஆறாத புண். சதை எடுத்துப் பார்த்ததில் புற்றுநோய் என்று வந்துவிட்டது. வாயைத் திறந்தால் உயிர் போகிற வலி. அதனால் அவர் கண்ணால் பேச, மனைவி அதை வாயால் பேசினாள். வீட்டில் இத்தனை காலம் நடந்ததும் ஏறக்குறைய அதுதான் என்பதால் அவளுக்குச் சிரமம் தெரியவில்லை.

"நாக்குல இருக்கிறதை எடுத்துடலாம்மா," என்று ஆபரேஷன் செய்யும் டாக்டரம்மா சொல்லியிருந்தார். "கழுத்து நெறிக்குப் பரவியிருந்தா அதையும் சேர்த்தே எடுக்கணும். நாம விட்டாலும் அது நம்மளை விடாது. ஸ்கேன் பார்த்துடுவோம்."

ஸ்கேனுக்குப் பெரிய வரிசை. நோயாளிகளால் அல்ல. பிறந்த நாளுக்குச் சட்டை எடுத்த காலம் போய், ஸ்கேன் எடுக்கும் காலம் வந்திருந்தது. அவளுடைய கொழுந்தனே, தும்மல்கூட வராத ஆள், முழு உடல் ஸ்கேன் எடுத்துத் தன் கல்லீரலைப் போனில் முகப்புப் படமாக வைத்திருந்தான். ஆரோக்கியமானவர்கள் எல்லாரும் எழுந்து போன பிறகு வெண்கலத்துக்கு மெஷினில் இடம் கிடைத்தது.

படத்தில் ஒரு நெறிக்கட்டி தெரிந்தது. ஒன்பது மில்லிமீட்டர். "சின்னதுதான். ஆனா உருண்டையா இருக்கு, நடுவுல இருட்டா இருக்கு. எனக்கு இது பிடிக்கலை," என்றார் டாக்டரம்மா. "மாடியில கையெழுத்து வாங்கிட்டு வாங்க. கழுத்தையும் சேர்த்தே செஞ்சுடறேன்."

அதிகாரி படத்தைப் பார்க்கவில்லை. எண்ணைத்தான் பார்த்தார்.

"ஒன்பது."

"ஆமாங்க சார்."

"பத்து இருந்தாத்தான் நெறிக்கட்டி."

"அப்ப இது என்னங்க சார்?"

"இது இல்லை."

வெண்கலம் தன் கழுத்தைத் தொட்டுக் காட்டி, கையை விரித்தார்.

"என்ன சொல்றார்?"

"இல்லாததை எப்படி அளந்தாங்கன்னு கேக்கறார்."

"இல்லைன்னு உறுதி செய்ய அளந்துதானே ஆகணும்?" என்றார் அதிகாரி, சிறு பிள்ளைக்குச் சொல்லித் தருகிற பொறுமையோடு.

"உருவம் சரியில்லைன்னு டாக்டரம்மா சொல்றாங்களே. நடுவுல இருட்டாம்."

"படிவத்துல உருவத்துக்குக் கட்டம் கிடையாது. இருட்டுக்கும் கிடையாது."

"ஊசி போட்டுக் கொஞ்சம் உறிஞ்சி எடுத்துப் பார்த்துடலாமே சார்?"

"இல்லாத கட்டியில ஊசி குத்தறதா? நாளைக்கு யார் பதில் சொல்றது?"

மனைவிக்கு ஒரு வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது. கையெழுத்து வேண்டியவள் வாயில் வந்ததையெல்லாம் பேசிவிட முடியாது. விழுங்கிக்கொண்டாள்.

"அப்ப நாங்க என்னதான் செய்யறது?"

"நம்பிக்கையோட இருங்கம்மா. வளரும்."

நாக்குக்கு விதியில் தடை இல்லாததால் நாக்கின் ஓரத்தை மட்டும் வெட்டித் தைத்தார்கள். கழுத்துக்காக டாக்டரம்மா மாடிக்கு எழுதினார். 'தங்கள் மேலான கவலை பெறப்பட்டது. உரிய அளவில் பரிசீலிக்கப்படும்' என்று பதில் வந்தது. மறுபடி எழுதினார். அந்தக் கவலையும் பெறப்பட்டது.

மாடி நடைபாதையில் இவர்களைப் போல நிறையப் பேர் வளர்ச்சிக்காகக் காத்திருந்தார்கள். அங்கே ஒருவரை ஒருவர் எண்ணால்தான் விசாரித்தார்கள்.

"உங்களுக்கென்ன அண்ணே, ஒன்பது! எனக்கு இன்னும் ஏழுலயே நிக்குது," என்று பெருமூச்சு விட்டார் ஒரு லாரி டிரைவர்.

"மனசைத் தளர விடாதீங்க தம்பி. உங்க வயசுக்குச் சீக்கிரம் வந்துடும்," என்று ஆறுதல் சொன்னாள் வெண்கலத்தின் மனைவி.

கொழுந்தன் வந்து பார்த்துவிட்டுத் தன் பங்குக்குச் சொன்னான்: "அண்ணி, அண்ணனுக்குச் சாப்பாடு பத்தலை. சத்தா குடுங்க, தானா வளரும்."

அவள் அவனைத் திட்டினாள். ஆனால் தினமும் காலையில் புருஷனை எழுப்பியதும் அவள் விரல் அவர் கழுத்துக்குத்தான் போனது. "கொஞ்சம் பெரிசான மாதிரி இல்லை?" என்பாள். பயந்து தடவிய விரல் எப்போது ஆசையோடு தடவ ஆரம்பித்தது என்று அவளுக்கே தெரியாது. வெண்கலம் தலையைத் திருப்பிக்கொள்வார்.

மறு ஸ்கேனில் பதினொன்று.

அதிகாரி நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். கை குலுக்கினார். "வாழ்த்துகள். இப்ப இருக்கு," என்று கையெழுத்தைப் போட்டார். சேதி நடைபாதைக்குப் பரவியதும் எல்லாரும் கைதட்டினார்கள். முதலில் தட்டியது அவர் மனைவி. வெண்கலம் அவளையே பார்த்தார். அந்தப் பார்வையை வாயால் சொல்ல அவளுக்கு வார்த்தை வரவில்லை. கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

கையெழுத்தோடு கீழே ஓடினார்கள். டாக்டரம்மா புதுப் படத்தை வெளிச்சத்தில் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு அவளை உட்காரச் சொன்னார்.

"இதை அன்னிக்கே எடுத்திருக்கணும்மா. இப்ப பக்கத்துல இன்னும் மூணு வந்திருக்கு. ஒண்ணு அந்தப் பக்கக் கழுத்துலயும்."

அவள் புருஷனின் மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"எல்லாம் சின்னதா டாக்டர்?"

"சின்னதுதான்."

"பத்துக்குக் கீழதானே?"

டாக்டரம்மா படத்தை மேசையில் கவிழ்த்து வைத்தார்.

"அப்ப விதிப்படி அதெல்லாம் இல்லைதானே, டாக்டர்?" என்று கெஞ்சினாள் அவள்.