பாண்டியம்மாள் அக்காவின் அடுப்படிக்குள் போன ரயில்

வாயை எங்கே மூட வேண்டும் என்பது எனக்கு எப்போதும் அரை நிமிடம் கழித்துத்தான் தெரியும். அப்படிப்பட்ட ஓர் அரை நிமிடத்தில் போடிநாயக்கனூரில் ஒரு தெருவையே கலங்கடித்தவன் நான்.

கல்யாணமான புதிது. மதுரையிலிருந்து போடிக்கு முன்பு ஓடிய மீட்டர் கேஜ் ரயிலை, தண்டவாளம், ஸ்டேஷனோடு வீட்டுக்குள் சின்ன அளவில் செய்துகொண்டிருந்தேன். (எதன்மேல் என்று கேட்காதீர்கள். என் மனைவி செல்விக்குப் பிறந்த ஊரான தேவாரத்திலிருந்து சீராக வந்த தேக்குக் கட்டிலின்மேல். நாங்கள் பாயில் படுத்தோம்.) அகலப்பாதை வந்து புது ரயில் ஓட ஆரம்பித்த பிறகு, பழைய பாதைக்கு ஆதாரம் என்று என்னிடம் இருந்தது மங்கிப்போன வரைபட நகல் ஒன்றுதான். அதில் ஏலக்காய் மூட்டை ஏற்றுவதற்கென்று ஒரு கிளைப்பாதை பிரிந்து போயிற்று. குத்துமதிப்பாக ஒட்டி முடித்துவிட்டாலும், அது சரியாக எந்த இடத்தில் வளைந்தது என்று தெரியாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வெள்ளைச் சட்டையை இன் பண்ணிக்கொண்டு, டேப், நோட்டு, சிவப்புச் சாக்பீஸ் சகிதம் கிளம்பினேன். கிளைப்பாதை இருந்த இடத்தில் ஒரு தெருவே இருந்தது. அளந்தேன். தரையில் கோடு போட்டேன். அதோடு திரும்பியிருக்கலாம். அடையாளத்துக்கு இருக்கட்டும் என்று ஒரு வீட்டுச் சுவரில் பெரிதாகப் பெருக்கல் குறி போட்டேன்.

ஈரக் கையைச் சேலையில் துடைத்தபடி அந்த வீட்டு அம்மாள் வெளியே வந்தார். பெயர் பாண்டியம்மாள். போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்டத்தில் வேலை.

"என்ன சோலியா வந்திருக்கீக?"

"பழைய ரயில் பாதை எங்கிட்டுப் போச்சுன்னு பாக்க வந்தேன்க்கா."

"எங்கிட்டுப் போகுது?"

"உங்க அடுப்படிக்குள்ளதாங்க்கா போகுது," என்றேன், சந்தோஷமாக.

அந்தத் தெருவில் யாருக்கும் பட்டா கிடையாது என்பதும், இடிப்பதற்கு அளக்க ஆள் வரப்போகிறது என்று அங்கே ஒரு மாதமாகப் பேச்சு ஓடியதும் எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. ஐந்து நிமிடத்தில் தெரு முழுக்க என்னைச் சுற்றி நின்றது. டேப்பைப் பிடுங்கிக்கொண்டார்கள். எதிர்வீட்டுப் பெண் கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு சத்தமில்லாமல் அழுதார். அதைப் பார்த்த பிறகுதான் நான் செய்த காரியம் எனக்கே உறைத்தது.

"நான் ஆபீசர் இல்லக்கா. பொம்மை ரயில் செய்றேன். அதுக்குத்தான்."

"பொம்மை ரயிலுக்கு எதுக்குப்பா என் அடுப்படி? எங்க அந்த ரயிலு, காட்டு பாப்போம்."

தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் ஜீப்பு அன்று சும்மா நின்றது. அதில் பதினான்கு பேர் ஏறி, நடுவில் என்னைத் திணித்து, என் வீட்டு வாசலில் கொண்டுவந்து இறக்கினார்கள். தலையில் எண்ணெய் வைத்து உட்கார்ந்திருந்த செல்வி பதறி எழுந்தாள். நான் கட்டிலைக் காட்டினேன். ரயிலைப் பார்த்ததும் எல்லார் முகமும் இளகியது. தப்பித்தேன் என்று மூச்சு விட்டேன். (இந்த முறை அரை நிமிடம் முன்னதாக.)

பாண்டியம்மாள் அக்கா குனிந்து உற்றுப் பார்த்தார். "ஸ்டேசன் இருக்கு. தண்டவாளம் இருக்கு. எங்க தெருவைக் காணோமே?"

"அது பழைய காலம்க்கா, அப்ப வீடுகளே..."

"பாத்தீகளா, வீட்டையெல்லாம் எடுத்துப்புட்டுத்தான் பிளான் போட்டிருக்கான்."

நான் அடுத்து வாயைத் திறப்பதற்குள் செல்வி முந்திக்கொண்டாள். "இன்னும் வேலை முடியலக்கா. வீடெல்லாம் இனிமேத்தான் வைக்கணும்." உள்ளே போனவள் தீப்பெட்டி, சோப்பு டப்பா, மாத்திரை டப்பா எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு வந்தாள். "எது யாரு வீடுன்னு நீங்களே வைங்க."

அவரவர் வீட்டை அவரவர் வைத்தார்கள். வாசல் எந்தப் பக்கம் என்று சண்டைகூட வந்தது. சோப்பு டப்பாவை வைத்த பிறகு எதிர்வீட்டுப் பெண் சிரித்தார். செல்வி எல்லாருக்கும் காப்பி கொடுத்தாள். அந்தத் தெம்பில் நான் ரயிலை ஓட விட்டேன். அது நேராகப் போய் பாண்டியம்மாள் அக்காவின் தீப்பெட்டியை இடித்துத் தள்ளியது.

பதினான்கு பேரும் ஒரே நேரத்தில் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"தண்டவாளத்தை வளைச்சு விடுங்க," என்றாள் செல்வி, என் பக்கம் திரும்பாமலே. "வெரசா."

மூன்று மாதம் ஒட்டி முடித்த கிளைப்பாதையை மூன்று நிமிடத்தில் பெயர்த்து, தெருவைச் சுற்றி வளைத்து விட்டேன். ரயில் எல்லார் வீட்டையும் தாண்டிப் பத்திரமாகப் போனது. ஜீப்பு கிளம்பிய சத்தம் கேட்ட பிறகுதான் எனக்கு மூச்சே சீராக வந்தது.

இன்றுவரை அந்தத் தெருவை யாரும் அளக்க வரவில்லை. என் ரயிலைப் பார்க்க வரும் விவரமானவர்கள் மட்டும், இந்த இடத்தில் இப்படியொரு வளைவு எந்த வரைபடத்திலும் இல்லையே என்று கேட்பார்கள். "எங்க வீட்டுக்காரரு நேர்ல போயி ஆராய்ச்சி பண்ணிக் கண்டுபிடிச்சது," என்று செல்வி முகம் மாறாமல் சொல்வாள். போன மாதம் பாண்டியம்மாள் அக்கா போன் செய்தார்.

"தம்பி, மாடி கட்டிட்டோம். உங்க ரயில்லயும் ஏத்திருங்க."

அன்று சாயங்காலமே ஒரு தீப்பெட்டியின்மேல் இன்னொன்றை ஒட்டினேன். நேரில் போய் அளந்து பார்க்கவில்லை.