மிளகாய்ப் போத்தலுக்கு அரக்கு முத்திரை

வெள்ளவத்தை உஷாந்தி, மகள் றஷ்மியின் ஆறாவது பிறந்தநாளுக்கு, கண் படாதிருக்க நாவூறு கழித்தாள். செத்தல் மிளகாயால் மூன்று தரம் சுற்றி அடுப்பில் போட்டாள். மறுநாள் பள்ளிக்கூடத்தில் பிள்ளை, "அம்மா என்னைச் சுத்தி மிளகாய் எரிச்சவ" என்று பெருமையடித்தது. ரீச்சர் கடமை தவறாதவர், உடனே அறிவித்துவிட்டார். சிறுவர் பாதுகாப்பு உத்தியோகத்தர் சுந்தரலிங்கம் கோப்போடு வந்து கதிரையில் எழுந்தருளினார்.

"மிளகாய் பாவிச்சனீங்களோ?"

"ஓம் சேர், நாவூறுக்கு."

"படிவத்திலை நாவூறு எண்டு கட்டம் இல்லை. மிளகாய் இருக்கு, தண்டனையளுக்குக் கீழை."

"பிள்ளையிலை படவே இல்லை, சேர்."

"அப்ப தண்டனை முயற்சி." எழுதினார். "இன்னும் மூண்டு குறிப்பு விழுந்தா பிள்ளையைச் சிறுவர் இல்லத்திலை விடவேண்டி வரும். யோசிக்காதேங்கோ, எல்லாம் உங்கடை குடும்பத்திலை நம்பிக்கையை வளக்கத்தான்."

அந்த மகத்தான வளர்ப்பின் முதற்படியாக மிளகாய்ப் போத்தலுக்கு அரக்கு முத்திரை குத்தினார். பிறகு வெள்ளிதோறும் வந்து, தேத்தண்ணி குடித்து, தாயை வெளியே நிறுத்திவிட்டு மகளை விசாரித்தார்.

"அம்மா தலையை இழுக்கிறவ" என்றது பிள்ளை. தலை வாரியதைத்தான் சொன்னது. ஒரு குறிப்பு விழுந்தது. உஷாந்தி சீப்பைத் தொடவே பயந்தாள். அடுத்த வெள்ளி பிள்ளையின் தலை பரட்டையாய் இருந்தது. 'பராமரிப்பின்மை' என்று இன்னொரு குறிப்பு.

"ஆர் என்ன கேட்டாலும் ஒண்டுமில்லை எண்டு சொல்லு, குஞ்சு" என்று அவள் மகளுக்குப் பாடமாக்கினாள். பிள்ளை கெட்டிக்காரி. அடுத்த வெள்ளி எல்லாக் கேள்விக்கும் ஒண்டுமில்லை. சுந்தரலிங்கம் மனம் நெகிழ்ந்து, 'குடும்பத்தில் பூரண நம்பிக்கை நிலவுகிறது' என்று எழுதினார். வருகிற வெள்ளி கோப்பை மூடிவிடலாம் என்றார்.

வியாழக்கிழமை பள்ளிச் சட்டையைக் கழற்றும்போது உஷாந்தி கண்டாள். மகளின் மேல்கையில், கோடு கீறும் அடிமட்டத்தின் அகலத்துக்குக் கன்றிப்போயிருந்தது.

"ரீச்சர் அடிச்சவவோ?"

"ஒண்டுமில்லை."

"அம்மாட்டைச் சொல்லு, குஞ்சு."

"சொன்னா எழுதுவினம்."

எழுதினால் யாருடைய பெயரின் கீழ் எழுதுவார்கள் என்று உஷாந்திக்குத் தெரியும். அலுமாரியைத் திறந்து முழுக்கைச் சட்டை தேடினாள்.

வெள்ளிக்கிழமை, கோப்பு மூடும் வைபவத்துக்குச் சாட்சியாக ரீச்சரும் வந்திருந்தார்.

"கடைசிக் கேள்வி" என்றார் சுந்தரலிங்கம். "பிள்ளையிலை அடிகாயம் ஏதும்?"

ரீச்சர் யன்னலைப் பார்த்தார். பிள்ளை தாயைப் பார்த்தது.

"ஒண்டுமில்லை, சேர்" என்றாள் உஷாந்தி.

எல்லோரும் கையெழுத்து வைத்தார்கள். சுந்தரலிங்கம் போகும்போது மிளகாய்ப் போத்தலின் முத்திரையை உடைத்துக் கொடுத்தார்.