ஏழாவது டிராக்கில் என் குரல்

காஸ் சிலிண்டரை மூடிவிட்டு வாசல் வரை போய், மூடினோமா என்ற சந்தேகத்தில் திரும்பி வந்து, சரிபார்க்கிற பதற்றத்தில் அதைத் திறந்துவிட்டுப் போகிற ரகம் நான். இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். (நான் சொல்லாவிட்டால் என் கணவர் சொல்லிவிடுவார்.)

தொண்ணூறுகளின் கடைசியில் திருவனந்தபுரத்தில் ஓர் ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலை பார்த்தேன். பையன் பிறந்ததும் ஒன்றேகால் வருடம் வீட்டில் இருந்துவிட்டு, மறுபடி போகத் தொடங்கிய மூன்றாவது மாதம். கணவர் ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தார். "குழந்தைக்கு உடம்பு சரியில்லேன்னா நான் லீவு போடறேன். என்கிட்ட மறைக்காதே, அவ்வளவுதான்." கூடத்து முதலாளியை நாங்கள் சார் என்போம், மலையாளி. பேச்சுக்குப் பேச்சு 'கேட்டோ', அதாவது 'சரியா', என்பார்; அது எனக்கும் ஒட்டிக்கொண்டிருந்தது. அவருக்கும் ஒரு நிபந்தனை: ரெக்கார்டிங் அறைக்குள் குழந்தை வரக்கூடாது. இரண்டுக்கும் நன்றாகத் தலையாட்டினேன்.

கூடத்தின் பெருமையே எட்டு டிராக் டிஜிட்டல் இயந்திரம்தான். வீடியோ கேசட் மாதிரி ஒன்றை விழுங்கிக்கொள்ளும். எட்டு ஒலிகளைத் தனித்தனியாக வைத்திருந்து, ஒரு பொத்தானை அழுத்தினால் எட்டையும் சேர்த்து ஓட்டும். முகப்பில் எட்டு வரிசைப் பச்சை விளக்குகள் ஏறி இறங்கும். கீழே எட்டு சிவப்புப் பொத்தான்கள். எந்தச் சிவப்பை அழுத்திப் பதிவு செய்கிறோமோ, அந்த டிராக்கில் ஏற்கெனவே இருந்தது போயே போய்விடும். பிரசவத்துக்குக்கூட நான் அவ்வளவு பயப்படவில்லை.

நவராத்திரிக்கு ஒரு நாட்டிய நாடகம் வந்தது. பாட்டும் வாத்தியமும் டேப்பில். மிருதங்கம் மட்டும் மேடையில் நேரடியாக. ஒன்றாவது, இரண்டாவது டிராக்கில் வாத்தியங்கள். மூன்றிலிருந்து ஆறு வரை பாட்டு, சங்கு, இடி. ஏழும் எட்டும் அரங்குக்குப் போகாது, மிருதங்க மாமாவின் ஹெட்போனுக்கு மட்டும். எட்டில் தாளம் பிசகாமலிருக்க 'டக் டக்' என்று ஓர் ஒலி. ஏழில், அடுத்து என்ன வருகிறது என்று முன்கூட்டிச் சொல்லும் குரல். அந்தக் குரல் என்னுடையது.

அதைப் பதிவு செய்ய வேண்டிய அன்று பையனுக்கு ஜுரம். கணவரின் ஆபீசுக்கு மேலதிகாரி வருகிற நாள். சொன்னால் லீவு போட்டிருப்பார். ஆனால் மூன்றாம் மாதத்திலேயே இப்படி என்றால், இந்த வேலை அவசியமா என்ற கேள்வி வருமே. (அவர் கேட்கவில்லை. அவருக்காக நானே கேட்டுக்கொண்டேன்.) ஜுரத்தைப் பற்றி மூச்சு விடாமல், சார் வெளியூர் போயிருந்த தைரியத்தில், குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு மைக் முன்னால் உட்கார்ந்தேன். கைக்கு எட்டியதையெல்லாம் அவன் வாயில் வைத்தான்.

பிறகு போட்டுக் கேட்டபோது எனக்கே வெட்கமாயிருந்தது. ஏழாவது டிராக்கை மட்டும் அழித்துவிட்டு மறுபடி பேசியிருக்கலாம். பதற்றத்தில் ஆறாவது சிவப்பை அழுத்திவிட்டால்? இடி போய்விடும். இடி இல்லாமல் அசுரன் எப்படிச் சாவான்? கேட்கப்போவது மாமா ஒருவர்தானே என்று விட்டுவிட்டேன். மாமாவும் கேட்டுவிட்டு, "இருக்கட்டும்டி, நானும் நாலு பெத்தவன்" என்றார்.

நாடகத்தன்று சாயங்காலம் அரங்கில் எல்லாவற்றையும் சோதித்தோம். கச்சிதமாக இருந்தது. அத்தோடு கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். திரை ஏறக் கால்மணி இருக்கும்போது, ஒயர்கள் அழுத்தமாகச் செருகியிருக்கின்றனவா என்று சந்தேகம் வந்தது. கூடத்தில் எப்போதும் இயந்திரத்தின் பின்னால் நின்றுதான் செருகுவேன். இங்கே அதன் முதுகு சுவரை ஒட்டியிருந்தது. முன்னாலிருந்தே எக்கிக் குனிந்து, எட்டையும் உருவி, ஒயரில் ஒட்டியிருந்த எண்களைப் பார்த்து, இடமிருந்து வலமாகத் தடவித் தடவிச் செருகினேன். மனசு நிறைந்துவிட்டது. பின்னால் நிற்பவருக்குத்தான் இடக்கோடியில் இருப்பது ஒன்று. முன்னாலிருந்து குனிகிறவளுக்கு அது எட்டு.

முதல் காட்சியே அசுரனின் சபை. திரை ஏறியது. பொத்தானை அழுத்தினேன். இடப்பக்க ஸ்பீக்கரில் 'டக், டக்'. வலப்பக்கத்தில் நான்.

"ஒண்ணு, ரெண்டு... கண்ணா, அதை வாயிலே போடாதே. அசுரன் உள்ளே வரான். மூணு, நாலு. துப்பு. துப்புடா செல்லம்."

அசுரன் கடமை தவறாமல் உள்ளே வந்தான். துப்புவதா வேண்டாமா என்று தெரியாமல் கதாயுதத்தைத் தூக்கியபடி நின்றான். அரங்கமே சிரித்தது. மூன்றாவது வரிசையில் கணவர் மடியிலிருந்து என் பையன் "அம்மா" என்று கை நீட்டினான். வாத்தியங்கள் அனைத்தும் மாமாவின் ஹெட்போனுக்குள் போய்விட்டதால், அவர் மட்டும் கண்ணை மூடித் தலையை ஆட்டி அற்புதமாக வாசித்துக்கொண்டிருந்தார்.

நிறுத்தியிருக்கலாமே என்பீர்கள். என்ன ஆனாலும் நடுவில் டேப்பை நிறுத்தக் கூடாது என்பது சாரின் கட்டளை. சொன்னதைச் செய்கிற பெண்ணாக வளர்ந்தவள் நான். விரலை மடக்கிக்கொண்டு நின்றேன். டேப்பில் இருந்த நான் நிற்காமல் பேசினேன்.

"அசுரன் சிரிக்கிறான்... உடம்பு இன்னும் சுடறதே. ஜுரம்னு அப்பாகிட்ட சொல்லக்கூடாது, கேட்டோ."

சிரிப்பு அடங்கிவிட்டது. மூன்றாவது வரிசைப் பக்கம் நான் பார்க்கவில்லை.

முன்வரிசையில் உட்கார்ந்திருந்த சார் பக்கவாட்டுப் படியேறி வந்து டேப்பை நிறுத்தினார். திரை இறங்கியது. இயந்திரத்தைச் சுவரிலிருந்து நகர்த்தி, எட்டையும் மாற்றிச் செருகினார். நாடகம் முதலிலிருந்து தொடங்கி நன்றாகவே நடந்தது. இடி இடித்தது, அசுரன் செத்தான். கடைசியில் ஒயர்களைச் சுருட்டிக்கொண்டே, "குட்டிக்குப் பனி மாறியோ?" என்று கேட்டார். பனி என்றால் மலையாளத்தில் ஜுரம். மாறிவிட்டது என்றேன். "இனி மேடைக்கு நான் போய்க்கோளாம். நீ ஸ்டூடியோவில் இருந்தா மதி, போதும்." மறுநாள் இயந்திரத்தின் தலையில் ஒரு வெள்ளை நாடா ஒட்டியிருந்தது. முன்னாலிருந்து குனிகிறவர்களுக்காக, எட்டு முதல் ஒன்று வரை, பெரிய பெரிய எண்கள். அந்த நாடாவை ஒட்ட வைத்தது மட்டுமே அந்தக் கூடத்துக்கு என் தொழில்நுட்பப் பங்களிப்பு.

ஸ்ரீவராகத்தில் வீடு, நடக்கிற தூரம்தான். தூங்கிவிட்ட குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு கணவர் முன்னால் நடந்தார். இந்த வேலை அவசியமா என்ற அந்தக் கேள்விக்காகக் காத்திருந்தேன். எங்கள் தெரு திரும்பும்போது கேட்டார்.

"எத்தனை டிகிரி இருந்தது?"

"நூத்தியொண்ணு."

"நான் லீவு போட்டிருப்பேன்."

அவ்வளவுதான். நாலு வீடு தாண்டியதும் அவர் தோள் குலுங்கியது. கோபமோ அழுகையோ என்று பயந்துபோய் ஓடி முன்னால் பார்த்தேன். "பாவம்டி, அந்த அசுரன் கடைசி வரைக்கும் துப்பவே இல்லை" என்றார்.

பையன் இப்போது பெங்களூரில் வேலை பார்க்கிறான். ஊருக்கு வந்தால் கேட்டைத் திறக்கும்போதே, "அசுரன் உள்ளே வரான்" என்று குரல் கொடுப்பான். அங்கே அவனுக்கு ஜுரமோ இருமலோ வந்தால் முதலில் அப்பாவுக்குத்தான் போன் செய்வான். எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, "அம்மாகிட்ட சொல்லக்கூடாது, கேட்டோ" என்று முடிப்பான்.

அவர் எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார். அது அவனுக்கும் தெரியும்.