மூன்று முள்ளும் இரண்டு முள்ளும்

அன்று எங்கள் வீட்டில் இருந்தவர்கள்: என் அம்மா. பெண்ணின் அப்பா துரைக்கண்ணு, தங்கவயல் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். அவருடைய தங்கை, குறை கண்டுபிடிப்பதற்கென்றே கூட்டி வரப்பட்டவர். பெண் ரேவதி. (மாப்பிள்ளை வீடு பார்க்கப் பெண் வரக் கூடாது. வைட்ஃபீல்டில் ட்யூட்டி முடித்து நேராக வந்துவிட்டாள்.) அப்புறம் நான். ஐந்து பேர். ஒரு பக்கெட் மீனும் இருந்தது.

நான் பேசாத ஆள். பெயிண்டருக்குப் பேச்சு எதற்கு? சுவர் பதில் சொல்லாது. ஆனால் இதனாலேயே இரண்டு சம்பந்தம் தட்டிப்போனது. "பையன் ஊமையா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். அதனால் இவர்கள் காக்ஸ் டவுனில் எங்கள் வீட்டுக்கு வரும் முன்பே அம்மா சொல்லிவிட்டாள்.

"இன்னைக்காவது நாலு வார்த்த பேசுடா. இதுவும் போச்சுன்னா நான் அலைய மாட்டேன்."

பேசினேன். அதுதான் தப்பு.

துரைக்கண்ணுவுக்குக் கெளுத்திக் குழம்பு என்றால் உயிர் என்று கேள்விப்பட்டு, அத்திபெலே சந்தையில் உயிரோடு வாங்கி வந்திருந்தேன். அவர் பக்கெட்டை எட்டிப் பார்த்தார்.

"என்னா தம்பி, கெளுத்தியோட தேளியும் கலந்து குடுத்துட்டானா?"

வெளுப்பாகச் சில, கறுப்பாகச் சில இருந்தன. எல்லாவற்றுக்கும் மீசை. வெளுப்பு ஆண், கறுப்பு பெண் என்று நினைத்து வாங்கியிருந்தேன்.

"கெளுத்திக்கு மூணு முள்ளு. முதுகுல ஒண்ணு, பக்கத்துக்கு ஒண்ணு. இந்தக் கறுப்புத் தேளிக்கு முதுகுல கெடையாது. பக்கத்துல ரெண்டுதான்" என்றார்.

மூன்று. இரண்டு. எது சாது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. (மூன்றாவதோடு பள்ளிக்கூடம் முடிந்தாலும் கணக்கு வரும்.)

"தேளிய வெறுங்கையில நான் புடிப்பேன்."

சரியாக நான்கு வார்த்தை. அம்மா முகத்தில் சந்தோஷம்.

"வேணாம் தம்பி" என்றார் துரைக்கண்ணு.

"புடிக்கட்டுமேண்ணா. வெறும் வாயா, கையும் இருக்குதான்னு பாப்போம்" என்றார் தங்கை.

கையை விட்டேன். கறுப்பு மீன் ஒன்று வழவழவென்று தானாகக் கைக்குள் வந்தது. பிறகு குத்தியது. கட்டை விரலில் ஏறிய வலி தோள் வழியாகக் காதுக்கு வந்தது. கத்தியிருந்தால் ஓசூர் வரை கேட்டிருக்கும். கத்தவில்லை. மீனையும் விடவில்லை. அது மறுபடி குத்தியது.

"அய்யோ, அத விடுங்க! ஸ்வல்ப நேரம் ஆடாம இருங்க!"

ரேவதி கோணித் துணியால் மீனைப் பிடித்து, என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, சோற்றுக்கு வைத்திருந்த உலைநீரைக் கை தாங்கும் சூட்டுக்கு விளாவி, என் கையை அதில் அமுக்கினாள்.

"கெளுத்தி மூணுலயும் குத்தினாகூட இந்த வலி வராது. இது ரெண்டும் வெஷம். எண்ணிப் பாத்தா புடிப்பாங்க?"

கை பன் மாதிரி உப்பிவிட்டது. தங்கை சொன்னார்: "நிச்சயத் தட்டு வாங்க வலது கை வேணுமே. இது ஊதிகினு கீது. இன்னொரு நாள் பாத்துக்கலாம்."

இன்னொரு நாள் என்றால் என்ன என்று அம்மாவுக்குத் தெரியும். இரண்டு தடவை கேட்டிருக்கிறாள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

துரைக்கண்ணு என்னையே பார்த்தார்.

"எங்க சுரங்கத்துல வெரல்ல கல்லு வுழுந்தா மேல வரைக்கும் சத்தம் கேக்கும். இவன் மூச்சு வுடல பாரு. பேசறானேன்னுதான் பயந்தேன். தட்ட எடும்மா."

ரேவதி கீழே கை கொடுத்துத் தாங்க, அந்தக் கையாலேயே தட்டை வாங்கினேன்.

அவரிடம் நான் சொல்லாத ஒன்று: தைரியமெல்லாம் இல்லை. பல் கிட்டிக்கொண்டது. கல்யாணத்துக்கு அப்புறம் ரேவதியிடம் மட்டும் சொன்னேன்.

"தெரியும். வெரலப் பிரிச்சவளே நான்தானே?" என்றாள்.

இன்றும் மீன் வாங்கினால் சட்டியை என் பக்கம் திருப்பி, "எண்ணுங்க" என்பாள். சொந்தக்காரர்களும் விடுவதில்லை. "நான் பக்கத்துலதான் நின்னுகினு இருந்தேன்" என்றுதான் ஆரம்பிப்பார்கள். அன்று வீட்டில் இருந்தது ஐந்து பேர். போன மாதம் மச்சான் வீட்டுக் காதுகுத்தில், அன்று என் பக்கத்தில் நின்றவர்களை எல்லாம் உட்கார்ந்து எண்ணினேன்.

நாற்பத்து மூன்று.