மஞ்சள் பொட்டு வைத்த ஏ.டி.எம். கார்டு

கடன் வாங்குவதில் ஒரு காலத்தில் எனக்குப் பெருமை இருந்தது. திருப்பிக் கொடுப்பதில் அதைவிடப் பெருமை. இரண்டையும் ஒரே நாளில், ஒரே ஆளிடம் செய்துகொண்டிருந்தேன் என்பது நாலு வருஷம் கழித்துத்தான் உறைத்தது.

அந்த ஆள், புதுவாயல் கூட்டுரோட்டில் டெலிபோன் பூத் வைத்திருந்த பாஸ்கர். பத்தாந்தேதி பாஸ்கர் என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் எங்கள் கம்பெனிக்குச் சம்பளம் பத்தாம் தேதி. நான் அங்கே கேன்டீனில் மாவாட்டிக்கொண்டிருந்தேன். பாஸ்கரிடம் ஆயிரம் கேட்டால் தொள்ளாயிரம் கொடுப்பான், பத்தாம் தேதி ஆயிரமாக எடுத்துக்கொள்வான். நான் கொடுக்க வேண்டியதில்லை, அவனே எடுத்துக்கொள்வான். ஏனென்றால் அடமானமாக அவன் வாங்கி வைத்திருந்தது நகை இல்லை, என் ஏ.டி.எம். கார்டு. ரகசிய நம்பரோடு.

சம்பளம் விழுந்த அன்று காலை நாஷ்டாவுக்கு முன்னாலேயே ஏ.டி.எம். வாசலில் போய் நின்று, நாற்பது பேர் சம்பளத்தையும் எடுத்து வருவான். தன் பங்கு போக மீதியைப் பூத் வாசலில் எண்ணிக் கொடுப்பான். வாங்கிய கை கீழே இறங்குவதற்குள் மறுபடி ஓர் ஆயிரம் கேட்போம். (வாங்கினதைக் கொடுத்துட்டுத்தானே திரும்ப வாங்கறோம், இதுல இன்னா தப்பு என்று ஊரெல்லாம் நியாயம் பேசியவள் நான்தான்.)

கம்பெனியில் அந்தக் கார்டைக் கொடுத்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. புதிதாக எது வந்தாலும் எங்கள் பக்கத்தில் மஞ்சள் குங்குமம் வைக்காமல் தொடமாட்டோம். துடைப்பத்துக்குக்கூட வைப்போம். கார்டின் மூலையில் மஞ்சள் தொட்டு, அதன்மேல் குங்குமம் வைத்து, ஒரு ராத்திரி சாமி படத்தின் முன்னால் வைத்திருந்தேன். மறுநாள் பாஸ்கரிடம் போய்விட்டது. என் வீட்டில் அது தங்கியது அந்த ஒரு ராத்திரிதான்.

பிறகு நாலு வருஷத்தில் என் பேர் என்ன ஆனது என்றால், மளிகைக்கடை பாய் என்னைத் தூரத்தில் பார்த்ததுமே பருப்பு டப்பாவை மூடி வைப்பார். மகளிர் குழுவில் வாரச் சேமிப்பு இருபது ரூபாயை மூன்று தடவை விட்டுவிட்டேன். குழுத் தலைவி கஸ்தூரி என்னைவிடப் பத்து வயது சின்னவள், எட்டாவது வரை படித்தவள், கணக்கில் கறார். எனக்குக் கிரைண்டர் வாங்க ஆசை. கம்பெனிக்கு ஆட்டுகிற மாதிரி என் வீட்டிலும் மாவு ஆட்டி விற்றால் புதுவாயலில் தங்கியிருக்கும் தொழிலாளிப் பசங்களே வாங்கித் தீர்ப்பார்கள். அதற்குப் பேங்க் லோன் வேண்டும், லோனுக்கு கஸ்தூரி கையெழுத்து வேண்டும்.

அவள் குழு முழுக்க உட்கார்ந்திருக்கும்போது சொன்னாள். "யக்கா, உன் கார்டு எவன் பாக்கெட்லயோ கீது. உனக்கு நான் கையெழுத்து போட்டா பதினோரு பேரும் சேர்ந்து முழுவணும். மொதல்ல கார்டை அவன்கிட்டருந்து மூட்டுகினு வா. உன் கையால நூறு ரூபா எடுத்துக் காட்டு. அப்பால பேசிக்கலாம்."

எனக்குச் சுருக்கென்றது. அடுத்த ஏழு மாதம் நான் பட்ட பாட்டை நானே மெச்சிக்கொள்ள வேண்டும். இரண்டு ஆட்டை விற்றேன். டீயை நிறுத்தினேன். குழுவில் ஐந்நூறு வாங்கி நாள் தவறாமல் கட்டினேன். பாயிடம் ரொக்கம் கொடுத்தே சாமான் வாங்கியதில், ஒரு நாள் அவரே, "இன்னாம்மா, பருப்பு வேணாமா, காசு அப்பறம் குடேன்" என்றார். நான் வேண்டாமென்று திமிராக நடந்து வந்தேன். (வீட்டில் பருப்பு இல்லை. அன்றைக்கு வெறும் ரசம்.)

கடைசியில் பாஸ்கர் கணக்கும் தீர்ந்தது. அவன் பிஸ்கட் டப்பா ஒன்றை எடுத்து மேஜைமேல் கொட்டினான். கார்டுகள், எல்லாம் ஒரே பேங்க், ஒரே நீலம். "உன்னுது எதுன்னு பாத்து எட்துக்கோக்கா" என்று சொல்லிவிட்டு, நம்பரையும் சொன்னான்: நாலு, ஒண்ணு, ஒண்ணு, ஏழு. எனக்கு எண் தெரியும். தமிழில் என் பேரைப் போடத் தெரியும். கார்டில் பேர் இங்கிலீஷில் இருந்தது. பின்னால் எட்டுப் பேர் வரிசையில் நின்றார்கள். படித்துச் சொல்லப்பா என்று அவனிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. கேட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை.

அப்போதுதான் பார்த்தேன். ஒரு கார்டின் மூலையில் மஞ்சள் கறை, நடுவில் சிவப்பாய்ப் புள்ளி. பெற்ற பிள்ளையைத் திருவிழாக் கூட்டத்தில் கண்டுபிடித்ததுபோல அள்ளிக்கொண்டேன். "பேரைப் பாத்தியாக்கா?" என்றான். "நாலு வருசமானாலும் என் பொருளு எனக்குத் தெரியாதா?" என்றேன்.

சோதனை நாள் வந்தது. நூறு ரூபாய் எடுப்பதற்கு நான் கட்டியது பட்டுப்புடவை. கஸ்தூரியை மட்டும் கூப்பிட்டிருந்தால் போதும். நான் பன்னிரண்டு பேர் குழுவையும் கும்மிடிப்பூண்டி பஜாருக்கு வரவழைத்தேன். எல்லோருக்கும் முன்கூட்டியே சோடா வாங்கிக் கொடுத்தேன். பேங்க் மேனேஜரும் வெளியே வந்து நின்றார். திருச்சிப் பக்கத்து மனிதர், மரியாதையாகப் பேசுவார்.

ஏ.டி.எம். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன். நல்ல குளிர். வாட்ச்மேன் உதவிக்கு வந்தார். "சொம்மா இருப்பா, எனக்குத் தெரியும்" என்றேன். முதல் நாளே ஒரு பையனிடம் கேட்டுத் தெரிந்துகொண்டபடி கார்டைச் செருகி, நாலு, ஒண்ணு, ஒண்ணு, ஏழு அழுத்தினேன். மிஷின் கீச்சென்று ஏதோ எழுதிக் காட்டியது. காசு வரவில்லை. மறுபடி அழுத்தினேன், இன்னும் பலமாக. மூன்றாவது தடவை விரல் நோக அழுத்தினேன். மிஷின் கார்டை முழுங்கிவிட்டு அமைதியாகிவிட்டது.

கண்ணாடிக்கு வெளியே பன்னிரண்டு முகம். நான் மிஷினுக்கு ஒரு கும்பிடு போட்டேன். எதற்கென்று இன்றுவரை தெரியவில்லை.

வெளியே வந்ததும் கஸ்தூரி கேட்டாள். "இன்னாக்கா, நூறு ரூபா எங்க?"

"மிஷின்ல டப்பு இல்ல போல" என்றேன்.

எனக்குப் பின்னால் போன ஒருவர் ஐந்நூறு ரூபாயை எண்ணிக்கொண்டே வெளியே வந்தார்.

மேனேஜருக்கு என்னைப் பார்க்கப் பாவமாக இருந்திருக்கும். ஆளை விட்டு மிஷினைத் திறக்கச் சொல்லி, கார்டோடு வந்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஏம்மா, இது உங்க கார்டு இல்லியே."

"என்னுதுதான் சார். பாருங்க, நான் வெச்ச பொட்டு."

"பொட்டு இருக்கும்மா. பேரு ஏகாம்பரம்னு இருக்கே. யாரு ஏகாம்பரம்?"

மற்ற பத்துப் பேரும் மெதுவாக கஸ்தூரி பக்கம் திரும்பினார்கள். ஏகாம்பரம் கஸ்தூரியின் வீட்டுக்காரர். பக்கத்துக் கம்பெனியில் ஃபிட்டர்.

கஸ்தூரி கார்டை வாங்கிப் பார்த்தாள். கட்டைவிரலால் அந்த மஞ்சளைத் தடவினாள். "இது நான் வெச்ச பொட்டு" என்றாள், ரொம்ப மெதுவாக. "கார்டு கம்பெனி லாக்கர்ல கீதுன்னாரு. ரெண்டு வருசமா சம்பளத்தைக் கையில கொண்டாந்து குட்த்தாரு."

அந்த நேரத்தில் நான் ஏதாவது சொல்லி அவளை மடக்கியிருக்கலாம். ஏழு மாதமாக அதற்காகவே வசனம் தயார் செய்து வைத்திருந்தேன். ஆனால் அவள் முகத்தைப் பார்த்ததும் மிச்சமிருந்த சோடாவை அவள் கையில் கொடுத்தேன். ஒரே மடக்கில் குடித்தாள்.

"வாக்கா போலாம்" என்றாள்.

"எங்க?"

"புதுவாயலுக்கு. உன் கார்டு இன்னும் அவன்கிட்டதான கீது."

ஷேர் ஆட்டோவில் என் பட்டுப்புடவையும் அவள் கோபமும் போய் இறங்கின. கஸ்தூரிக்கு இங்கிலீஷ் எழுத்து தெரியும். டப்பாவை அவளே மேஜையில் கொட்டி ஒவ்வொன்றாகப் படித்தாள். எங்கள் தெருவே அதற்குள் இருந்தது. ஐந்தாவது கார்டு என்னுடையது. பொட்டு எப்போதோ அழிந்துபோயிருந்தது. பாஸ்கர், "பேரைப் பாக்க சொன்னேன், அக்காதான் கேக்கல" என்றான். அது உண்மை என்பதால் அவனைத் திட்டவும் வழியில்லை.

ஏகாம்பரம் பாக்கி எவ்வளவு என்று கஸ்தூரி கேட்டுக்கொண்டாள். அவர் அதைத் தீர்த்து முடிக்க ஆறு மாதம் ஆனது. டீயை எப்படி நிறுத்துவது என்று நான்தான் அவருக்குச் சொல்லிக் கொடுத்தேன்.

அடுத்த வாரம் பழைய நூல்புடவையில், கஸ்தூரி ஒருத்தியை மட்டும் கூட்டிக்கொண்டு போய் நூறு ரூபாய் எடுத்தேன். நோட்டு வெளியே வந்ததும் அவள் அங்கேயே சுவரில் பேப்பரை வைத்துக் கையெழுத்துப் போட்டாள். "இதுக்கு அப்பறமும் உனக்குப் போடலன்னா நான் மனுசியாக்கா" என்றாள். லோன் வந்தது, கிரைண்டர் வந்தது, லோனும் தீர்ந்தது. இரண்டாவது லோனுக்குப் பேங்கிலிருந்து அவர்களே ஆளை அனுப்பிக் கேட்டார்கள். மளிகைக்கடை பாய் இப்போது என்னிடம் மாவைக் கடனுக்கு வாங்குகிறார். (நான் டப்பாவை மூடுவதில்லை.)

வீட்டில் புதிதாக எது வந்தாலும், போன் ஆனாலும் மிக்ஸி ஆனாலும், என் மருமகள் மஞ்சள் கிண்ணத்தோடு வந்து நிற்பாள். "அத்த, பொட்டு வெக்கட்டுமா? இல்ல யாரு பேருன்னு படிச்சிட்டு அப்பறம் வெக்கட்டுமா?" இந்தக் கேள்விக்கு எங்கள் தெருவே சிரிக்கும். ஏகாம்பரம் மட்டும் எழுந்து தன் வீட்டுக்குள் போய்விடுவார்.

கிரைண்டருக்கு நான் பொட்டு வைக்கவில்லை. ராஜம்மா என்று என் பேர் பெயின்ட்டில் பெரிதாகத் தமிழில் எழுதியிருக்கிறது. எழுதியது நானே. கொஞ்சம் கோணல்தான், ஆனால் இருட்டிலும் அடையாளம் தெரியும்.