தீவுக்குப் பாலம் போட்ட விவரம்

ஸ்ரீரங்கம்,
ஞாயிறு காலை.

சௌபாக்கியவதி வேதவதிக்கு பராசரன் அநேக ஆசீர்வாதம். இவ்விடம் ரங்கநாதன் கடாட்சத்தில் நானும் ஸ்ம்ருதியும் க்ஷேமம், சாதத்தில் விட்டுக்கொள்ள நான் வைக்கும் சாத்துமது மட்டும் சுமார். அவ்விடம் பூனாவில் நம் பிள்ளை, மாட்டுப்பெண், புதுப் பேரன் எல்லோரும் சௌக்கியம்தானே? போனில் சொன்னால் பாதியிலேயே கோபித்துக்கொள்வாய் என்பதால் எழுதுகிறேன்.

உன் பெண் ஞாயிறுதோறும் சிநேகிதர்களோடு பகடை உருட்டிக் கதை சொல்லி ஆடுகிறாளே, அதற்காக ஒரு கற்பனை தேசத்தைச் சார்ட் பேப்பரில் அவளே கையால் வரைந்திருக்கிறாள். மலை, காடு, இரண்டு ஆறுகளுக்கு நடுவே தீவாக ஒரு நகரம், தெற்குக் கரையில் அரக்கர் படை. சாப்பாட்டு மேஜையில் காயப் போட்டிருந்தாள். ஆசையாகப் பார்த்தேன், தீவுக்குப் பாலமே இல்லை. காவிரிப் பாலத்தை மராமத்துக்கு மூடியிருந்தபோது நாம் பைபாஸ் வழியாகச் சுற்றிச் சுற்றி இடுப்பு ஒடிந்தது நினைவிருக்கிறதல்லவா, மனசு கேட்கவில்லை, அவள் மைப்பேனாவை எடுத்துத் தெற்கு ஆற்றின் குறுக்கே பாலம் போட்டேன், விளக்குக் கம்பங்கள் உள்பட. போன ஞாயிறு, ஆட்டத்தில் நகரத்துக்கு ராணியான மன்னார்புரம் ஷெர்லினும் அரக்கர்களுக்குத் தளபதியான தென்னூர் அயானும் வந்தார்கள். மையில் வரைந்தது எதுவோ அது அந்த உலகத்தில் உண்டு என்பது ஸ்ம்ருதியே வைத்த சட்டமாம், எனக்கு யார் சொன்னார்கள்? அயான் படத்தைப் பார்த்தான். "அங்கிளே பாலம் போட்டுக் கொடுத்திருக்காங்க. படை கடக்குது" என்றான். அத்தனை நாளாய் ஆற்றையே அரணாக நம்பிப் பிழைத்த நகரமாம் அது. ஷெர்லின் முகம் வாடிவிட்டது. "ஏம்ப்பா இப்படிப் பண்ணினே?" என்றாள் ஸ்ம்ருதி. ஜனங்கள் கறிகாய் வாங்க எப்படிப் போவார்கள் என்றேன். அவள் பகடைகளைப் பைக்குள் போட ஆரம்பித்தாள். நீயும் ஊரில் இல்லை, இவளும் பேசாவிட்டால் இந்த வீட்டில் எனக்கு யார் இருக்கிறார்கள்?

அயான் செருப்பை மாட்டும்போதுதான் எனக்குத் தோன்றியது. பாலம் மராமத்துக்காக மூடியிருக்கிறது என்று அறிவித்தேன். யார் மூடியது என்று கேட்டான். கட்டினவன் நான், மூடுகிறவனும் நான் என்றேன். எப்போது திறப்பீர்கள் என்றான். "அதை எந்த ஊர்லப்பா முன்கூட்டிச் சொல்லியிருக்கா?" என்றேன். காவிரிப் பாலம் மூடியிருந்த காலத்தில் ஸ்ரீரங்கத்து டியூஷனுக்குத் தென்னூரிலிருந்து சுற்றி வந்த பையன் அல்லவா, சிரித்தபடி செருப்பைக் கழற்றி, "நியாயந்தான் அங்கிள், படை வடக்குக் கரைக்குச் சுத்தியே வரட்டும்" என்றான். ஷெர்லின் கைதட்டினாள். ஸ்ம்ருதி சிரிப்பை அடக்கிப் பார்த்து முடியாமல், "காபி குடிக்கறியாப்பா?" என்றாள். வேதா, எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. இனி அந்தப் படத்தில் ஒரு புள்ளிகூட வைப்பதில்லை என்று அவள் கையில் அடித்துச் சத்தியம் செய்திருக்கிறேன், நீ நிம்மதியாகப் பேரனைக் கொஞ்சு.

குழந்தைக்கு என் ஆசீர்வாதத்தைக் காதில் சொல்லவும்.

இப்படிக்கு,
பராசரன்

பி.கு.: வடக்கு ஆற்றில் ஒரு படித்துறைகூட இல்லை, ஜனங்கள் எங்கே ஸ்நானம் பண்ணுவார்கள்? சின்னதாக ஒன்று போட்டேன். அக்கரையிலிருந்து வருகிறவர்களுக்காக அங்கே நாலு பரிசலும். மை இன்னும் காயவில்லை, வாசலில் அயானின் வண்டிச் சத்தம் கேட்கிறது. கடிதம் கண்டதும் ஸ்ம்ருதிக்குப் போன் போட்டு எனக்காக நாலு வார்த்தை சொல்லவும்.